குப்பை எடுப்பது அவர்கள் கடமை. எடுக்க வைப்பது நம் கடமை

(மும்பையில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழைக்கும் குடும்பங்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், ஊரில் இருப்பவர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நாம் குடியிருக்கும் கல்லி, அதன் சுத்தம், அதன் பாதுகாப்பு. "கூலி உயர்வைப் பற்றியும் ரேஷனைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் கச்சராவையும் கட்டரையும் பற்றியா பேசுவது?" என்று சிலர் கேட்கலாம். கச்சராவும் கட்டரும் அரசியல்தான். எப்படி என்று சொல்கிறோம்.

இந்த நகரத்தில் நம்மைப் போன்றவர்கள் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் நெடுங்காலமாக உண்டு. ஒன்று, "இவர்கள் அசுத்தமானவர்கள்". மற்றொன்று, "இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்". முதலாவதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவார்கள். இரண்டாவதைச் சொல்லி முடிப்பார்கள். பேச்சு முடிந்ததும் புல்டோசர் வரும்.

வரலாறு என்ன சொல்கிறது?

டிராம்பே அணுசக்தி நிலையத்துக்குப் பக்கத்தில் ஜனதா காலனி என்ற குடியிருப்பு இருந்தது. நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை மாநகராட்சியே கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. மக்கள் தங்கள் உழைப்பால் அதை ஊராக்கினார்கள். பிறகு அந்த நிலம் அணுசக்தி நிலையத்துக்கு வேண்டும் என்றார்கள். வழக்கு நடந்தது, போராட்டம் நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், போலீஸ் படையைக் கொண்டு அதை இடித்தார்கள். சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப் என்ற சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். இன்று அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் கதை அந்த மே மாதத்தில் தொடங்குகிறது.

அதே 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்தவர்களுக்குப் போட்டோ பாஸ் கொடுத்தது. அந்தத் துண்டு அட்டையின் மதிப்பு என்ன என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது.

1981 ஜூலை மாதம், கொட்டும் மழையில், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பும் நடவடிக்கையை மாநில அரசு எடுத்தது. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளியின் கதை உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஊரில் நிலமற்ற விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய்க்கு வந்தவர். ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. அவருடைய பிளாஸ்டிக் கூரையைப் பிய்த்தெறிந்து, மனைவியையும் மூன்று பெண் பிள்ளைகளையும் அவரோடு சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவர் என்ன செய்தார்? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடித் திரும்பி வந்தார். வயிறு இருக்கும் இடத்தில் வேலை இல்லை. வேலை இருக்கும் இடத்தில் வீடு இல்லை. நம் எல்லோருடைய கதையும் அதுதானே!

1985 ஜூலையில் அந்த வழக்கில், ஓல்கா டெலிஸ் வழக்கு என்று பெயர் பெற்ற வழக்கில், தீர்ப்பு வந்தது. பிழைப்பதற்கான வழியும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. யாரிடம் காகிதம் இருந்ததோ அவர்களுக்குப் பிடிமானம் கிடைத்தது. காகிதம் இல்லாதவர்கள் மழைக்காலம் முடியும்வரை அவகாசம் பெற்றார்கள். அவ்வளவுதான்.

குழந்தைகள் சுமந்த குப்பை

ஜனதா காலனியைப் பற்றிச் சொன்னோம். அங்கே 1960களில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்து, தச்சு வேலை பார்த்த தமிழ் இளைஞர் ஜோக்கின் அற்புதம். ஜனதா காலனியில் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தது. மாநகராட்சி எடுக்கவில்லை. மனுப் போட்டால் பதில் இல்லை. அவர் காலனிக் குழந்தைகளைச் சேர்த்தார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டச் சொன்னார். ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டிவிட்டு வந்தார்கள். அதுவரை காலனிப் பக்கம் எட்டிப் பார்க்காத அதிகாரிகள் அன்றைக்கு வந்தார்கள். குப்பை அகற்றப்பட்டது.

இந்த அற்புதம்தான் பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கியவர். 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர். 2018இல் மறைந்தார்.

தோழர்களே, அந்த ஊர்வலத்தில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. குழந்தைகள் குப்பையைக் கையால் அள்ளினார்கள். அது நம் பங்கு. அள்ளியதைக் கொண்டுபோய்ப் பொறுப்புள்ளவன் வாசலில் வைத்தார்கள். அதுவும் நம் பங்குதான். முதல் வேலையை மட்டும் செய்தால் நாம் சம்பளமில்லாத துப்புரவாளர்கள். இரண்டாவதை மட்டும் செய்தால் "முதலில் உன் வாசலைப் பார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களை யாரும் சுலபத்தில் தள்ளிவிட முடியாது.

கட்டரும் மிட்டி நதியும்

2005 ஜூலை 26. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வெள்ளம் வடிந்ததும் பத்திரிகைகள் என்ன எழுதின? பிளாஸ்டிக் பையையும் ஆற்றங்கரைக் குடிசையையும் குற்றம் சொல்லின. பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைத்தது உண்மை. ஆனால் மிட்டி நதியை நெருக்கியவர்கள் யார்? விமான நிலையத்துக்காக அதன் போக்கைத் திருப்பியது குடிசைவாசியா? சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிப் பாந்திரா–குர்லா வளாகத்தைக் கட்டியது குடிசைவாசியா? இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்பதற்கு முன், நம் வாசல் கட்டரில் பால் உறையும் தெர்மாகோல் துண்டும் கிடக்கக் கூடாது. ஏனென்றால் வெள்ளம் முதலில் நுழைவது தாழ்ந்த நம் வீட்டுக்குள்தான். அதற்குப் பின்னால் வருவது எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சின்னச் சிராய்ப்பு வழியாகக்கூட உடம்பில் நுழையும். 2005 வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரத்தில் அது பரவியது. மழைத் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போய் வந்தவர்கள், மூன்று நாளைக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லி, மருத்துவர் சொல்கிறபடி தடுப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டும். "காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருநாள் கூலியை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள்.

தண்ணீர் டிரம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாயில் எப்போதும் தண்ணீர் வந்தால் நமக்கு டிரம் எதற்கு? தண்ணீர் தராதது அவர்கள் குறை. ஆனால் டெங்கு கொசு முட்டையிட்டுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும்.

கழிப்பறை: உயிர்ப் பிரச்சினை

பொதுக் கழிப்பறையைப் பற்றி மேடையில் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். கூச்சப்பட்டால் உயிர் போகும். 2017 பிப்ரவரியில் மான்குர்டில் ஒரு பொதுக் கழிப்பறையின் தளம் இடிந்து, உள்ளே இருந்தவர்கள் மலக்குழியில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாண்டுப்பில் அதே போல் இடிந்து 2 பேர் இறந்தார்கள். காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருக்கலாமா?

தளத்தில் வெடிப்பு தெரிந்தால், கம்பி வெளியே தெரிந்தால், கால் வைத்தால் அதிர்ந்தால், அன்றைக்கே அதைப் பூட்டச் சொல்லுங்கள். கைப்பேசியில் தேதியோடு படம் எடுங்கள். வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம் நிலத்தில் லட்சக்கணக்கான மக்கள். "தாராவி முடிந்தது" என்றார்கள். அதே ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை நல்ல உதாரணமாகச் சொன்னார். வீடு வீடாகச் சோதனை, தனிமைப்படுத்தும் முகாம், சமூக உணவுக்கூடம், ஒரே நாளில் பலமுறை மருந்து அடிக்கப்பட்ட பொதுக் கழிப்பறைகள் என்று எல்லாம் சேர்ந்து சாதித்தன. இதிலிருந்து தெரிவது என்ன? நகர நிர்வாகத்துக்கு மனம் வந்தால் நம் கழிப்பறையை ஒரு நாளைக்குப் பலமுறை சுத்தம் செய்ய முடியும். முடியாது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

பல இடங்களில் கழிப்பறையைக் குடியிருப்போர் குழுவே மாதாந்திரக் குடும்பப் பாஸ் வைத்து நடத்துகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கு வெளியே ஒட்டப்பட வேண்டும். வரவு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, துப்புரவாளர் சம்பளம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள், உள்ளே விளக்கு, போகும் வழியில் விளக்கு ஆகிய மூன்றும் பெண்களின் பாதுகாப்பு. இரவில் போக அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நம் பெண்களுக்கு வரும் சிறுநீர் நோய்களைப் பற்றி எந்தக் கணக்கெடுப்பும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் கேட்டாலே தெரியும்.

யார் சுத்தம் செய்வது?

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கல்லியைச் சுத்தமாக வைப்பது என்று முடிவெடுத்தவுடன், "அந்தச் சாதிக்காரரைக் கூப்பிடு, நூறு ரூபாய் கொடு, குழியில் இறங்கட்டும்" என்று சொல்லும் பழக்கம் ஊரிலிருந்து நம்மோடு ரயிலேறி வந்திருக்கிறது. அதை இந்தச் சங்கம் ஒருபோதும் ஏற்காது.

மலக்குழியில் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கியவர் சிறைக்குப் போக நேரும். குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் விழுவார். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023இல் 30 லட்சம் என்று உயர்த்தியது. முப்பது லட்சம் போன உயிருக்கு ஈடாகாது. குழி நிறைந்தால் உறிஞ்சும் லாரியை மாநகராட்சியிடம் கேட்போம். வரும்வரை விடமாட்டோம். அந்த லாரியோடு வரும் தொழிலாளிக்குக் கையுறை இல்லையென்றால் அதையும் கேட்போம். அவரும் நம் வர்க்கம்; பல இடங்களில் நம் சொந்தக்காரரும்கூட.

பாதுகாப்பு என்றால் என்ன?

பாதுகாப்பு என்றதும் சிலர், "புதிதாக வருகிறவர்களை விரட்ட வேண்டும், பீகாரிகள் வந்தபிறகுதான் எல்லாம் கெட்டது" என்கிறார்கள். தோழர்களே, இந்தப் பேச்சை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? 1960களின் இறுதியில் சிவசேனை இதே பம்பாயில் நம்மைப் பார்த்துச் சொன்ன பேச்சு அல்லவா? "மதராசி" என்று சொல்லிக் கடைகளைத் தாக்கிய காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு எதிராக எடுத்த தடியை நாம் வாங்கி இன்னொரு தொழிலாளியின் மீது வீசலாமா?

1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரங்களில் இந்த நகரத்தில் 900 பேர் மாண்டார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குக் கொடுத்தது. தாராவியும் எரிந்தது. அதற்குப் பிறகு மொகல்லா கமிட்டிகள் வந்தன. இந்துவும் முஸ்லிமும் ஒன்றாக உட்கார்ந்து, வதந்தி கிளம்பிய அன்றே அதை அடக்கக் கற்றார்கள். யாரையும் விரட்டி அவர்கள் அமைதியைக் கொண்டுவரவில்லை. எல்லோரையும் பெயர் தெரிந்துகொண்டு கொண்டுவந்தார்கள்.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 2004 முதல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்துகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 7 பெண்கள், 3 ஆண்கள், அவர்களோடு ஒரு போலீஸ் அதிகாரி. குடித்துவிட்டு அடிப்பது, குழாயடிச் சண்டை, வாசல் தகராறு போன்றவற்றைப் பெரிதாவதற்கு முன்னால் பேசித் தீர்ப்பது அவற்றின் வேலை. ஏழு பெண்கள் என்பதைக் கவனியுங்கள். கல்லியில் நாள் முழுவதும் இருப்பவர்கள் பெண்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த மூலையில் யார் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நம் சங்கக் குழுக்களிலோ பெண்கள் டீ கொடுக்க மட்டும் வருகிறார்கள். இது மாற வேண்டும்.

கடைசியாக நெருப்பு. தீயணைப்பு வண்டி நம் கல்லிக்குள் வராது. அகலம் இல்லை. ஆகவே பாதையில் டிரம், மூட்டை, பழைய பீரோ எதுவும் இருக்கக் கூடாது. தொங்கும் ஒயரை மழைக்கு முன் கட்ட வேண்டும். நெருப்பில் ஓட வழி இருக்கும் கல்லிதான் பாதுகாப்பான கல்லி.

இன்று இது ஏன் அவசரம்?

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. தகுதி உள்ளவர், தகுதி இல்லாதவர் என்று பிரிக்கும் வேலை அது. தகுதி இல்லை என்று சொல்லப்படுகிறவர்களைத் தாராவிக்கு வெளியே குடியமர்த்துவதற்காக மாநில அரசு அதே ஆண்டில் ஒதுக்கிய நிலங்களில் ஒன்று எது தெரியுமா? தேவ்நார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதி! 1927 முதல் இந்த நகரம் தன் கழிவைக் கொட்டி வந்த இடம். "நீங்கள் அசுத்தம்" என்று சொல்லித் தொடங்கிய பேச்சு எங்கே போய் முடிகிறது, பார்த்தீர்களா?

நல்ல வீடு நமக்கும் வேண்டும். குழாய், தனிக் கழிப்பறை, காற்று, வெளிச்சம் எல்லாம் வேண்டும். ஆனால் யாருக்கு, எங்கே, எந்த விதிப்படி என்று முடிவெடுக்கும்போது நாம் மேசையில் உட்கார வேண்டும். கல்லிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு நோட்டு, நோட்டில் வீட்டு வாரியாக விவரம் இருக்கும் மக்களைத்தான் மேசைக்கு அழைப்பார்கள். சுத்தத்துக்காகக் கூடும் குழுதான் நாளை வீட்டுக்காகப் பேசப் போகும் குழு.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு கல்லியிலும் ஏழு பேர் கொண்ட குழு. பாதிக்கு மேல் பெண்கள். எந்த மொழி பேசினாலும், எந்த மதமானாலும் அந்தக் கல்லியில் குடியிருப்பவர் உறுப்பினராகலாம்.

2. ஈரக் குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறு. 2016ஆம் ஆண்டு விதிகளே இதைச் சொல்லிவிட்டன. உலர்ந்ததைக் கபாடிக்காரரிடம் கொடுங்கள். அது அவருக்குப் பிழைப்பு, நமக்குச் சுத்தம். தாராவியின் 13ஆவது காம்பவுண்டு இந்தத் தொழிலால்தான் வாழ்கிறது.

3. குப்பை வண்டி வந்த நாள், வராத நாள், கட்டர் தூர் வாரிய நாள், விளக்கு அணைந்த நாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். பத்தாவது படிக்கும் பிள்ளை எழுதட்டும்.

4. புகாரை 1916இல் சொல்லுங்கள், எண் வாங்குங்கள். அதோடு நிற்காமல் மராத்தியில் எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் ஆவக் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு பேசிய பேச்சுக்குச் சமம். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

5. போட்டோ பாஸ், மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், ரேஷன் கார்டு அனைத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள். ஒரு நகலை வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள்.

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, வாரத்தில் ஒரு மணி நேரம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கல்லியும் தன் நோட்டோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடிக்கிறோம்.